கண் கண்ட சாட்சி

இங்கிலாந்து நாட்டில் ஃபார்ன்பரோ என்னும் ஊரில் அந்நாளில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் விமானக் கண்காட்சி நடைபெற்று வந்தது. 1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை. ஏறத்தாழ 1,20,000 மக்கள் திரண்டிருந்தனர். டி ஹேவிலண்ட் நிறுவனத்தார் புதிதாக உருவாக்கிய 110 என்னும் போர் விமானத்தை ஜான் டெரி என்பவர் ஓட்டி வந்தார். 1948ஆம் ஆண்டிலேயே ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்து காட்டிய முதல் ஆங்கிலேயர் என்று புகழ் பெற்றவர் அவர். உடன் ரிச்சர்ட்ஸ் என்ற உதவியாளரும் இருந்தார். உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கி, ஒலித்தடையை உடைக்கும் அந்தப் பேரோசையைக் கூட்டத்தார் கேட்டு மகிழச் செய்துவிட்டு, தாழப் பறந்து வந்து, கூட்டத்தை நோக்கித் திரும்பி மேலே எழும்பிய வேளையில் விமானம் துண்டு துண்டாகச் சிதறியது. அதன் இயந்திரம் ஒன்று, மேட்டின்மீது நின்றிருந்த மக்கள் நடுவே வந்து விழுந்தது. பார்க்க வந்தவர்களுள் 29 பேர் மாண்டனர். விமானத்திலிருந்த இருவரும் மாண்டனர்.

விபத்தை ஆராய்ந்த அதிகாரிகள் அக்காலத்தில் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தனர். நேரில் கண்டவர்கள் தாம் கண்டதை எழுதி அனுப்புமாறும், படம் எடுத்தவர்கள் அதைத் தந்துதவுமாறும் பொதுமக்களை வேண்டினர். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அவற்றை எழுதியவர்களை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டப்பகல். அனைவர் கண்களும் ஒரே பொருளின்மீது நிலைத்திருந்தன. அதைக் காண்பதற்கென்றே கட்டணம் கொடுத்து வந்தவர்கள். இறந்த விமானியின்மீது பகையில்லை, சொல்வதால் ஆதாயமில்லை, கையூட்டில்லை, அச்சமில்லை. உலகத்தின் எந்த நீதிமன்றமும் இதைவிடச் சிறந்த சாட்சிகளைக் கேட்டுப் பெற முடியாது. ஆயினும் நடந்தது என்ன? புகைப்படங்களும் திரைப்படச் சுருள்களும் ஆய்வுக்குப் பெரிதும் உதவின. கடிதங்கள் அநேகமாக எதற்கும் உதவவில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைக் குறிக்க நாம் 'கண்கூடு' என்கிறோம். கண் கண்ட சாட்சி என்று ஒருவர் வந்து நின்றுவிட்டால் அதற்குமேல் வழக்கில்லை என்பதே ஊர் வழக்கம். அந்தக் கண்கூடு ஒரு வெட்டவெளியில், ஓரிலட்சம் பேர் முன்னிலையில் இப்படித் தடுமாறிப் போனதன் காரணத்தை ஆராய்வது நமக்கும் பயன் தருவதேயாகும்.

முதற் காரணம் எளியது. அந்த விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவான வேகத்தில் வந்தது. ஒரு விநாடியில் அது இருநூறு மீட்டருக்குமேல் கடந்துவிடும். அது உடைந்து சிதறியதற்கும் ஏறத்தாழ ஒரு விநாடியே பிடித்தது. வலச்சிறகின் வெளிப்பகுதி முதலில் பிய்ந்தது, அடுத்து இடச்சிறகினுடையது, பின்னர் முகப்பும் வாலும் இயந்திரங்களும் கழன்றன. இவ்வரிசை படச்சுருளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே தெரிய வந்தது. மேலெழும்புவதும் உருள்வதும் ஒருங்கே நிகழும்போது உண்டாகும் முறுக்குவிசையைத் தாங்கும் வலிமை சிறகின் முன்விளிம்புக்கு இல்லை என்பதும் அதன் பிறகே தெளிவாயிற்று. அமைப்பை வலுப்படுத்திய பின் அதே விமானம் ஸீ விக்ஸன் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் பல்லாண்டுகள் பறந்தது. கண் இமைத்து விழிப்பதற்குள் முடிந்துபோன ஒன்றை வரிசைப்படுத்திச் சொல்லுமாறு மனிதரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? முன்னும் பின்னும் கண்டதை வைத்து நடுவே ஒரு வரிசையைத் தாமே அமைத்துக்கொள்கிறார். அமைத்ததை அவர் அறிவதில்லை. கண்டதாகவே கருதுகிறார்.

இதில் புதுமை ஏதுமில்லை என்று சொல்லக்கூடியவர் நம்மிடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கிறார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தம்முடைய 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலில் பார்வையின் பிழைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். பார்ப்பது என்பது கண்ணின் வேலை மட்டுமன்று. முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு முடிவு கட்டும் அறிவின் வேலையும் அதனுள் அடங்கும். அந்த முடிவு மிக விரைவில் நிகழ்வதால் முடிவு கட்டியதை நாம் உணர்வதில்லை என்பது அவருடைய கருத்து. ஜெட் விமானம் எதையும் அவர் கண்டாரில்லை. கண்டிருந்தாலும் தம் நூலில் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

கண்ணின் நிலை இதுவென்றால், காதும் சேரும்போது குழப்பம் இன்னும் மிகுகிறது. 1996 ஜூலை 17 அந்திப் பொழுதில், நியூயார்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட பயணி விமானம் கடற்கரைக்கு அப்பால் வெடித்து வீழ்ந்து 230 பேர் இறந்தனர். பதிவான 736 சாட்சிகளுள் 258 பேர் வானில் ஓர் ஒளிக்கீற்றைக் கண்டதாகக் கூறினர். அமெரிக்கக் கடற்படையே தவறுதலாக ஏவுகணையால் அதை வீழ்த்திவிட்டது என்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. நான்காண்டு ஆய்வுக்குப் பின், நடு எரிபொருள் தொட்டியிலிருந்த ஆவி தீப்பற்றி வெடித்ததே காரணம் என்று முடிவாயிற்று. முகப்பு கழன்று விழுந்த பிறகும் எஞ்சிய பகுதி எரிந்துகொண்டே சிறிது தூரம் பறந்தது. பெரும்பாலோர் கண்ட கீற்று அதுவே. பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவரை வெடியோசை வந்தடைய நாற்பது விநாடிக்குமேல் ஆகும். ஓசை கேட்டு அண்ணாந்து பார்த்தவர் கண்டது முடிவைத்தான். அதையே தொடக்கம் என்று அவர் மனம் குறித்துக்கொண்டது.

2001 நவம்பர் 12 அன்று அதே நியூயார்க் நகரில் வீழ்ந்த மற்றொரு விமானத்தைப் பற்றி 349 பேரின் கூற்றுகள் திரட்டப்பட்டன. அது வலப்புறம் திரும்பியது என்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். இடப்புறம் என்றோரும் அதே பதினெட்டுப் பேர். பாதிக்குமேற்பட்டோர் வானிலேயே தீயைக் கண்டனர்; தீ எங்கே எரிந்தது என்பதிலோ ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. விமானத்தின் வால் நிமிர்சிறகு முறிந்ததே விபத்தின் தொடக்கம்.

இவையெல்லாம் காணும் கணத்தில் நேரும் பிழைகள். இவற்றினும் நம்மைத் திகைக்க வைப்பது கண்ட பிறகு நேரும் பிழை. 1992 அக்டோபர் 4இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதி, தரையிலும் விமானத்திலுமாக 43 பேர் இறந்தனர். பின்னர் நெதர்லாந்து நாட்டு உளவியலார் மூவர் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டனர்: விமானம் கட்டிடத்தில் மோதும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டீர்களா? நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் கண்டதாகச் சொன்னார்கள். அத்தகைய படமே உலகில் இல்லை. மோதும் கணத்தை எவரும் படமெடுக்கவில்லை. எரியும் கட்டிடத்தைப் படத்தில் கண்டிருந்தனர், செய்தியைப் படித்திருந்தனர், பிறர் பேசக் கேட்டிருந்தனர். இவையனைத்தும் மனத்துள் கலந்து ஒரு காட்சியாய் உறைந்துவிட்டன. கேள்வியும் அதற்குத் துணை செய்தது. 'அந்தப் படத்தைக் கண்டீர்களா' என்று கேட்பவர், அப்படி ஒரு படம் உண்டு என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார் அல்லவா?

கேள்வியின் ஒரு சொல்லே நினைவைத் திருத்திவிடும் என்பதை 1974இல் அமெரிக்க உளவியலார் இருவர் காட்டினர். இரு கார்கள் மோதும் படத்தைக் காட்டி, சிலரிடம் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், வேறு சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்றனர். முதல் வகையார் ஐம்பதின்மரில் எழுவர் கண்டோம் என்றனர். இரண்டாம் வகையார் ஐம்பதின்மரில் பதினாறு பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

பாமரர் பிழைபடலாம், தொழில் தெரிந்தவர் பிழைபடார் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1989 ஜூலை 4 அன்று போலந்து நாட்டிலிருந்து மிக்-23 போர் விமானத்தில் ஏறிய சோவியத் விமானி, புறப்பட்ட சற்று நேரத்தில் இயந்திரம் செத்துவிட்டது என்று உறுதியாக நம்பி, இருக்கையோடு வெளியேறிக் குடையில் இறங்கினார். செத்தது கூடுதல் விசை தரும் எரிப்பான் மட்டுமே. ஆளில்லாத அந்த விமானம் தானே உயர்ந்து, இரு ஜெர்மனிகளையும் நெதர்லாந்தையும் தாண்டி, தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குமேல் பறந்து, எரிபொருள் தீர்ந்தபின் பெல்ஜியத்தில் ஒரு வீட்டின்மேல் விழுந்து பதினெட்டு வயது இளைஞர் ஒருவரைக் கொன்றது. அந்த இயந்திரத்துக்கு அவரைவிட நெருக்கமான சாட்சி வேறு எவர்? 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரம் நகரில், ஒரு காலத்தில் போர்ப்படையில் இருந்த ஹன்டர் ஜெட் ஒன்று வானில் வளையமிடும்போது நெடுஞ்சாலையில் வீழ்ந்து பதினொருவர் மடிந்தனர். விமானி பிழைத்துக்கொண்டார். நடந்தது எதுவும் நினைவில் இல்லை என்றார். வளையத்தின் உச்சியில் இருக்க வேண்டிய 3,500 அடிக்குப் பதில் 2,700 அடியே இருந்தது என்பதைப் படக்கருவிகளின் பதிவுகளைக் கொண்டே ஆய்வாளர் கணக்கிட்டனர். 2019இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்னும் பழமொழியோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அப்பழமொழியில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அது 'பொய்' என்ற சொல்லைச் சற்றுத் தாராளமாக வழங்குகிறது. நிகழாததைச் சொல்வதும் பொய். நிகழவில்லை என்று அறிந்தே சொல்வதும் பொய். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒழுக்கத்தில் இரண்டும் ஒன்றாகுமா? ஃபார்ன்பரோவிலிருந்து கடிதம் எழுதியவர் பொய்யரா?

பொய்யர் அல்லர் என்று உடனே சொல்லிவிடுவோம். செயலை எண்ணத்தைக் கொண்டு அளக்கும் மார்க்கம் நம்முடையது. ஆனால் அந்த விடை பாதி வழிதான் செல்கிறது. அமெரிக்காவில் சிறையிலிருந்தவர்களுள் டி.என்.ஏ. சோதனையால் குற்றமற்றவர் என மெய்ப்பிக்கப்பட்டவர்களின் வழக்குகளில், பாதிக்குமேற்பட்டவை நேரில் கண்ட சாட்சி ஆளை மாறிக் காட்டியதால் நேர்ந்தவை. அச்சாட்சிகளுள் பலர் பாதிக்கப்பட்டவர்களே. உள்ளம் அறிந்து பொய் சொன்னவர்கள் அல்லர். பத்தாண்டு சிறையிலிருந்து வெளிவரும் மனிதனிடம் 'உன்னைக் காட்டிக் கொடுத்தவரின் எண்ணம் தூய்மையானது' என்று சொன்னால் அவனுக்கு என்ன ஆறுதல் கிடைக்கும்?

இக்கேள்விக்கு நேர் நிற்கும் ஒரு தீர்ப்பு நம் நூல்களில் இருக்கிறது. இருவர் ஒரு மனிதனை அலீ (ரலி) அவர்களிடம் கொண்டுவந்து, இவன் திருடினான் எனச் சாட்சி சொன்னார்கள். தண்டனையாக அவன் கை துண்டிக்கப்பட்டது. பின்னர் அவ்விருவரும் இன்னொருவனைக் கொண்டுவந்து, திருடன் இவனே, முன்னவனைப் பற்றித் தவறிவிட்டோம் என்றார்கள். இரண்டாமவனுக்கு எதிரான அவர்களின் சாட்சியத்தை அலீ (ரலி) ஏற்கவில்லை. முதலாமவன் இழந்த கைக்கு நஷ்டஈடு செலுத்துமாறு அவர்களைப் பணித்தார்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என அறிந்தால் உங்கள் கைகளையே துண்டித்திருப்பேன் என்னும் பொருள்பட எச்சரித்தார்கள். இதில் பிழையும் பொய்யும் எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன! பிழைத்தவனுக்குப் பொய்யனின் தண்டனை இல்லை. ஆனால் பிழைத்தவன் கையை உதறிவிட்டுப் போகவும் முடியாது. அவன் சொல்லால் விளைந்த தீங்குக்கு அவன் பொறுப்பாளி.

சாட்சியின் நாணயத்தையும் அவருடைய துல்லியத்தையும் தனித்தனியே எடை போடும் பழக்கம் நம் முன்னோருக்குக் கைவந்திருந்தது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரிடம் 'அதாலத்' என்னும் நேர்மையைத் தேடினார்கள். அத்தோடு நில்லாமல் 'ளப்த்' என்னும் நினைவுத் திட்பத்தையும் தேடினார்கள். ஹிஜ்ரி 174இல் மறைந்த எகிப்தின் காழி இப்னு லஹீஆ கற்றறிந்த பெரியவர். அவருடைய ஏடுகள் தீக்கிரையான பிறகு நினைவை மட்டும் நம்பி அவர் அறிவித்தவற்றை வல்லுநர் பலர் பலவீனமானவை என ஒதுக்கினர். அவர் பொய்யுரைத்தார் என்பது அதன் பொருளன்று. பஸராவின் காழி இயாஸ் இப்னு முஆவியா பற்றி வரலாற்று நூல்களில் கூறப்படும் நிகழ்ச்சி இன்னும் நயமானது. முதுமை எய்திய நபித்தோழர் அனஸ் (ரலி) பிறையைக் கண்டதாகச் சொன்னார்கள். உடனிருந்த வேறெவருக்கும் அது தெரியவில்லை. அவர்களுடைய புருவத்து நரைமயிர் ஒன்று வளைந்து கண்ணுக்கு மேல் நிற்பதை இயாஸ் கவனித்தார். அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, இப்போது பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பிறை இல்லை. நபித்தோழரைப் பொய்யர் என்று எண்ணவும் இல்லை, நபித்தோழர் என்பதற்காகப் பிறையை ஏற்கவும் இல்லை. ஆண்டுதோறும் ரமளான் பிறை குறித்து நம் ஊர்களில் மூளும் சச்சரவுகளை நினைத்தால், அந்தக் காழியின் கைவிரல் நமக்கு எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

அப்படியானால் பிழை நேருமே என்று அஞ்சி வாய்மூடி இருந்துவிடலாமா? அதுவும் ஆகாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் திருமறை, எழுத்தோடு சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது. அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்கலாகாது என்கிறது. சாட்சியத்தை மறைப்பதைப் பாவம் என்கிறது. மனித நினைவு பிறழும் என்பதைக் கணக்கில் கொண்டே இத்தனையும் விதிக்கப்பட்டுள்ளன. ஆகவே சொல்லியாக வேண்டும். சொல்வது தவறாகவும் இருக்கக்கூடும். இந்த இக்கட்டிலிருந்து சாட்சிக்கு முழு விடுதலை இல்லை. ஆனால் அவருடைய கைக்கு எட்டுவன சில உண்டு. ஓசை கேட்டபின் பார்த்தேனா, பார்த்தபின் கேட்டேனா என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். பக்கத்திலிருந்தவரோடு பேசிக் கதையைச் சீர்ப்படுத்துவதற்கு முன் தாம் கண்டதை எழுதி வைக்கலாம். கண்டது எது, அதிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லலாம். கண்ணின் பிழைக்குக் கண்ணைக் குறை கூற முடியாது. கண்ணின் பிழை மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் 'நான் கண்டேன்' என்று மேசையைத் தட்டுகிறவரோ, நம் கருத்தில், பொய்க்கு மிக அருகே போய்விட்டவர்.

கேட்பவர்களாகிய நம் பங்கும் சிறிதன்று. 'தெரியவில்லை' என்று சொல்லும் சாட்சியை நாம் மதிப்பதில்லை. தங்கு தடையின்றி முழுக் கதையையும் சொல்பவரையே நம்புகிறோம். ஊரில் ஒரு பஸ் மோதிவிட்டால், நேரில் கண்டவர் என்று ஒருவரைச் சூழ்ந்துகொண்டு, டிரைவர் தூங்கிவிட்டானா, குடித்திருந்தானா என்று நாமே விடையையும் எடுத்துக் கொடுக்கிறோம். மாலைக்குள் அவர் அதைக் கண்டவராகவே ஆகிவிடுகிறார். அந்தப் பழியில் நமக்கும் பங்கு வேண்டாமா?

இவ்வளவும் படித்தவர், இனி எந்தச் சாட்சியையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வழக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது கடலில் நடந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அது நடுவே இரண்டாக முறிந்ததைக் கண்டதாக உயிர் தப்பியவர் பலர் சொன்னார்கள். பிழைத்த அதிகாரிகளுள் மூத்தவரான லைட்டாலர், கப்பல் முறியாமல் முழுதாகவே மூழ்கியது என்றார். அவரும் நேரில் கண்டவரே. நள்ளிரவில், உறைபனிக் கடலில், அச்சத்தால் நடுங்கியவர்களின் கூற்றைவிட அதிகாரியின் கூற்று உறுதியாகத் தோன்றியது போலும். முழுதாக மூழ்கியது என்றே பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. 1985 செப்டம்பர் 1இல் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாய்க் கிடந்தது. முறிந்ததைக் கண்டேன் என்று சொன்னவர்களுள் ஒருவரான ஜாக் தேயருக்கு அந்த இரவில் வயது பதினேழு. 1945லேயே அவர் இறந்துவிட்டார்.